ஏசியை 16-ல் வைத்தால் கார் சீக்கிரம் குளிருமா? தொப்பூர் கணவாய் முதல் ஒகேனக்கல் வரை ஒரு 'கூல்' விளக்கம்!

சித்திரை மாதம், மதியம் ஒரு மணி. தருமபுரி டவுனில் நிழலே இல்லாத இடத்தில் காரை நிறுத்திவிட்டு, சாப்பிட்டு முடித்துத் திரும்பி வருகிறீர்கள். கதவைத் திறந்ததும் அடுப்பு மூடியைத் திறந்த மாதிரி அனல் முகத்தில் அடிக்கிறது. ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை. சீட் பெல்ட் பக்கிள் சுடுகிறது. அடுத்து நம் விரல் எங்கே போகும்? ஏசி பட்டனுக்குத்தான். ஃபேன் ஃபுல், டெம்பரேச்சர் 16. சிலர் அதற்கும் கீழே போய் 'லோ' என்று வரும் வரை அழுத்துவார்கள்.

16-ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது நம்மில் பலரின் நம்பிக்கை. அது உண்மையா? 'ஆட்டோ' என்று ஒரு பட்டன் இருக்கிறதே, அது என்ன செய்கிறது? மலை ஏறும்போது ஏசியை அணைக்கச் சொல்கிறார்களே, ஏன்? ஏசி போட்டுக்கொண்டு காருக்குள் தூங்கலாமா?

இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். அதைப் புரிந்துகொண்டால் பெட்ரோலும் மிச்சம், மெக்கானிக் செலவும் மிச்சம். சில நேரம் உயிரும் மிச்சம்!

ஏசி குளிரை உருவாக்குவதே இல்லை!

ஆமாம், ஏசி குளிரைத் தயாரிக்கும் மெஷின் இல்லை. காருக்குள் இருக்கும் சூட்டை அள்ளிக்கொண்டு போய் வெளியே கொட்டும் மெஷின். அதை எப்படிச் செய்கிறது என்று புரிய, நம் வீட்டில் இருக்கும் இரண்டு பொருள்கள் போதும். ஒன்று மண்பானை, இன்னொன்று பிரஷர் குக்கர்.

மண்பானைத் தண்ணீர் ஏன் ஜில்லென்று இருக்கிறது? பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகிறது. திரவம் ஆவியாக வேண்டுமென்றால் அதற்குச் சூடு தேவை. அந்தச் சூட்டைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அதனால் உள்ளே இருக்கும் தண்ணீர் குளிர்கிறது. கையில் சானிட்டைசர் ஊற்றினால் சில்லென்று இருப்பதும் இதனால்தான்.

இப்போது குக்கர். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். குக்கருக்குள் அழுத்தம் கூடுவதால் கிட்டத்தட்ட 120 டிகிரியில்தான் கொதிக்கும். அதாவது அழுத்தம் ஏறினால் கொதிநிலையும் ஏறும், அழுத்தம் இறங்கினால் கொதிநிலையும் இறங்கும்.

இந்த இரண்டையும் சேர்த்தால் அதுதான் ஏசி. தண்ணீருக்குப் பதிலாக, மிகக் குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகும் ஒரு பொருளை மூடிய குழாய்களுக்குள் சுற்ற விடுகிறார்கள். அதைத்தான் நாம் 'ஏசி கேஸ்' என்கிறோம். இன்று சாலையில் ஓடும் ஏராளமான கார்களில் இருப்பது ஆர்-134ஏ என்ற கேஸ். சாதாரணக் காற்றழுத்தத்தில் அது மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும்.

நாலு பாகம், ஒரே வட்டம்

கேஸ் சுற்றும் பாதையில் முக்கியமான பாகங்கள் நான்கு.

1. கம்ப்ரஸர்: இன்ஜினோடு பெல்ட்டால் இணைந்திருக்கும் பம்ப். ஆவியாக வரும் கேஸை இறுக்கி அழுத்துகிறது. அழுத்தும்போது கேஸ் கொதிக்கக் கொதிக்கச் சூடாகிறது. ஏசி போட்டதும் வண்டியின் 'இழுவை' கொஞ்சம் குறைவது போல இருப்பதற்குக் காரணம் இதுதான். இன்ஜின் சக்தியில் ஒரு பங்கு இங்கே போகிறது.

2. கண்டன்ஸர்: காரின் முன்பக்கம், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் சல்லடை போன்ற பாகம். சூடான கேஸ் இதற்குள் ஓடும்போது, எதிர்க்காற்றும் ஃபேனும் சேர்ந்து அதன் சூட்டை வாங்கிக்கொள்கின்றன. கேஸ் திரவமாகிறது.

3. எக்ஸ்பான்ஷன் வால்வு: மிகச் சிறிய துளை. அதிக அழுத்தத்தில் வரும் திரவம் இதைத் தாண்டியதும் அழுத்தம் சடாரென்று விழுகிறது. கூடவே வெப்பமும் விழுகிறது.

4. எவாப்பரேட்டர்: டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் இன்னொரு சல்லடை. குளிர்ந்த திரவம் இங்கே ஆவியாகிறது. ஆவியாகத் தேவையான சூட்டை, அதன் மேல் வீசும் காருக்குள் இருக்கும் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. சூட்டை இழந்த அந்தக் காற்றுதான் வென்ட் வழியே உங்கள் முகத்துக்கு வருகிறது.

அப்புறம் ஆவி மறுபடி கம்ப்ரஸருக்குப் போகும். இந்தச் சுற்று ஓடிக்கொண்டே இருக்கும்.

நம்பரில் பார்த்தால் இன்னும் தெளிவாகப் புரியும். உங்கள் கார் டயரில் 30 முதல் 35 பி.எஸ்.ஐ காற்று அடிப்பீர்கள் இல்லையா? எவாப்பரேட்டர் பக்கமும் அழுத்தம் கிட்டத்தட்ட 30 பி.எஸ்.ஐ-தான். அந்த அழுத்தத்தில் ஆர்-134ஏ சுமார் 2 டிகிரியில் கொதிக்கும். கண்டன்ஸர் பக்கம் அழுத்தம் 200 பி.எஸ்.ஐ-யைத் தொடும். அங்கே அது திரவமாவது சுமார் 55 டிகிரியில்.

ஏன் 55? சூடு எப்போதும் அதிகம் உள்ள இடத்திலிருந்து குறைவான இடத்துக்குத்தான் போகும். தருமபுரி வெயிலில் வெளிக்காற்று 40 டிகிரியில் இருந்தால், அந்தக் காற்றில் சூட்டைக் கொட்டுவதற்குக் கேஸ் அதைவிடச் சூடாக இருந்தே ஆக வேண்டும். அதற்காகத்தான் கம்ப்ரஸர் அவ்வளவு கஷ்டப்பட்டு அழுத்துகிறது. வெயில் ஏற ஏற ஏசிக்கு வேலை கூடுவதும், மைலேஜ் குறைவதும் இதனால்தான்.

தொப்பூர் கணவாயில் ஏசிக்கு என்ன ஆகிறது?

சேலத்திலிருந்து தருமபுரிக்குத் தேசிய நெடுஞ்சாலை 44-ல் வருகிறீர்கள். தொப்பூர் கணவாயில் ஏற்றம் தொடங்குகிறது. முன்னால் லோடு ஏற்றிய லாரி ஒன்று நத்தை மாதிரி ஊர்கிறது. நீங்களும் அதன் பின்னால் இரண்டாவது கியரில். அப்போது ஏசி காற்று லேசாகச் சூடாவது போலத் தெரியும்.

கேஸ் தீர்ந்துவிட்டதோ என்று பதற வேண்டாம். கண்டன்ஸர் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிறது என்று பார்த்தோம். ஏறும்போது இன்ஜின் அதிகம் உழைக்கிறது, அதிகம் சூடாகிறது. ஆனால் வேகம் குறைவு என்பதால் முன்பக்கம் எதிர்க்காற்று போதவில்லை. வரும் கொஞ்சக் காற்றையும் கண்டன்ஸர் முதலில் சூடாக்கிவிட்டுத்தான் ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. இரண்டு பேருக்கும் மூச்சு முட்டுகிறது, அவ்வளவுதான்.

பல கார்களில் இதைக் கம்ப்யூட்டரே கவனித்துக்கொள்ளும். ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்தாலோ, கூலன்ட் சூடு எல்லை தாண்டினாலோ கம்ப்ரஸரைத் தற்காலிகமாக நிறுத்திவிடும். பழைய கார் என்றால் நீங்கள்தான் டெம்பரேச்சர் முள்ளைப் பார்க்க வேண்டும். முள் மேலே ஏறினால் முதலில் ஏசியை அணையுங்கள். இன்னும் ஏறினால் கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஹீட்டரை ஃபுல்லாக வையுங்கள். கேட்கவே கொடுமையாக இருக்கும். ஆனால் ஹீட்டர் என்பது ஒரு குட்டி ரேடியேட்டர். இன்ஜின் சூட்டில் ஒரு பகுதியை அது கேபினுக்குள் இழுத்துக்கொள்ளும். அப்படியே வளைவு இல்லாத, அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்கவே கூடாது.

அதே கணவாய், எதிர்த்திசை. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் பக்கம்தான் விபத்துகளுக்குப் பெயர்போனது. இறக்கத்தில் எரிபொருள் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடும் பழக்கம் இங்கே பல உயிர்களைக் குடித்திருக்கிறது. கார் ஓட்டும் இளைஞர்கள் சிலரும் "ஏசி ஓடுது, பெட்ரோல் போகுது, நியூட்ரல்ல விட்டா மிச்சம்" என்று நினைக்கிறார்கள். கணக்கு நேர்மாறானது. இன்றைய இன்ஜின்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கினால், இன்ஜினுக்குப் போகும் எரிபொருள் கிட்டத்தட்ட முழுவதும் நின்றுவிடும். சக்கரங்கள்தான் இன்ஜினைச் சுழற்றும். அதோடு சேர்ந்து கம்ப்ரஸரும் சுழலும். அதாவது கியரில் இறங்கும்போது உங்கள் ஏசி ஏறக்குறைய இலவசம்! நியூட்ரலில் விட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்கவும், ஏசியைச் சுழற்றவும் எரிபொருள் செலவாகும். கூடவே இன்ஜின் பிரேக்கிங் போய்விடும். பிரேக் மட்டும்தான் மிச்சம். அதுவும் தொடர்ந்து மிதித்தால் சூடேறி, பிடிக்காமல் போகும்.

'ஆட்டோ' பட்டனுக்குள் ஒரு மூளை

சாதாரண ஏசியில் மூளை நீங்கள்தான். குளிர்ந்தால் ஃபேனைக் குறைப்பீர்கள், வியர்த்தால் கூட்டுவீர்கள். ஆட்டோமேட்டிக் கிளைமேட் கன்ட்ரோலில் அந்த வேலையை ஒரு கம்ப்யூட்டர் செய்கிறது. அதற்குக் கண்ணும் காதுமாக இருப்பவை சென்சார்கள்.

- கேபின் சென்சார்: டேஷ்போர்டில் எங்காவது சின்னதாக ஒரு சல்லடை மூடி தெரியும். அதற்குள் காற்றை உறிஞ்சி உள் வெப்பத்தை அளக்கும். அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டி மறைத்தால் ஏசிக்குக் குழப்பம்தான்.
- வெளி சென்சார்: முன் பம்பர் அருகில் இருக்கும். மீட்டரில் வெளி வெப்பம் காட்டுவது இதன் உபயம்.
- வெயில் சென்சார்: டேஷ்போர்டு மேலே, முன் கண்ணாடிக்குக் கீழே ஒரு கறுப்புப் பொட்டு மாதிரி இருக்கும். வெயில் எவ்வளவு அடிக்கிறது என்று பார்க்கும். காற்றின் வெப்பம் ஒன்றாகவே இருந்தாலும், நேர் வெயில் மேலே பட்டால் நமக்கு அதிகம் சுடும் இல்லையா? அதற்காகத்தான் இது. இதன் மேல் பொம்மையோ துணியோ வைக்காதீர்கள்.
- எவாப்பரேட்டர் சென்சார்: எவாப்பரேட்டர் பூஜ்ஜிய டிகிரிக்குப் போனால் அதன் மேல் இருக்கும் ஈரம் ஐஸாகி, காற்றையே அடைத்துவிடும். அதற்கு முன்பே கம்ப்ரஸரை நிறுத்தவோ குறைக்கவோ இது சொல்லும்.

இவை எல்லாவற்றையும் படித்துவிட்டு, நீங்கள் கேட்ட 24 டிகிரிக்கு என்ன செய்ய வேண்டும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடும். பிறகு ஃபேன் வேகத்தை மாற்றும். டேஷ்போர்டுக்குள் குட்டி மோட்டார்கள் வைத்த கதவுகளைத் திறந்து மூடும். அதில் ஒரு கதவு குளிர்காற்றையும் ஹீட்டர் காற்றையும் தேவையான அளவில் கலக்கும். இன்னொன்று காற்று முகத்துக்கா, காலுக்கா, கண்ணாடிக்கா என்று முடிவு செய்யும். மூன்றாவது, வெளிக்காற்றா உள்காற்றா என்று தேர்ந்தெடுக்கும்.

இது நேற்று வந்த டெக்னாலஜி இல்லை. 1939-ல் அமெரிக்காவின் பேக்கார்ட் நிறுவனம் தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்திய காரைக் காட்டியது. அதில் ஏசியை நிறுத்துவது ஒரு பெரிய கதை. இன்ஜினை அணைத்து, இறங்கி, பானெட்டைத் திறந்து, கம்ப்ரஸர் பெல்ட்டையே கழற்ற வேண்டும்! அங்கிருந்து 25 வருடத்தில், 1964 மாடல் கேடிலாக் கார்களில் வெப்ப அளவைச் சொன்னால் தானே பார்த்துக்கொள்ளும் 'கம்ஃபர்ட் கன்ட்ரோல்' வந்துவிட்டது.

சரி, 16-ஆ 24-ஆ?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். கேபின் 55 டிகிரியில் கொதிக்கிறது. நீங்கள் 24 என்று வைத்தாலும் 16 என்று வைத்தாலும் கம்ப்யூட்டருக்குத் தெரிவது ஒன்றுதான். 'இலக்கு ரொம்ப தூரம்.' இரண்டு சூழலிலும் பெரும்பாலும் அது கம்ப்ரஸரை முழு வேகத்தில் ஓட்டும், ஃபேனையும் முழுசாக வைக்கும். எவாப்பரேட்டரை ஐஸ் ஆகும் எல்லைக்குக் கீழே கொண்டு போகவும் முடியாது. ஆகவே 16 என்று வைப்பதால் குளிர் வேகமாக வராது. பேருந்து நிலையத்துக்குப் போக ஆட்டோக்காரரிடம் "பெங்களூரு போங்க" என்று சொன்னால் பேருந்து நிலையம் சீக்கிரம் வந்துவிடுமா என்ன?

வித்தியாசம் பிறகுதான் தெரியும். 24 வைத்தவரின் கார், அந்த அளவு வந்ததும் ஃபேனைக் குறைத்து, கம்ப்ரஸர் வேலையைக் குறைத்து நிதானமாகிவிடும். 16 வைத்தவரின் கார் எட்டவே முடியாத இலக்கைத் துரத்திக்கொண்டே இருக்கும். பெட்ரோலும் போகும், பின் சீட்டில் இருக்கும் அம்மா சால்வை தேடுவார்.

மேனுவல் ஏசிக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. நீலம், சிவப்பு போட்ட திருகில் நம்பர் இருக்காது. குளிர் அதிகமானால் பலர் அதைச் சிவப்புப் பக்கம் திருப்புவார்கள். அப்படிச் செய்தால் பல கார்களில், கஷ்டப்பட்டுக் குளிரவைத்த காற்றோடு ஹீட்டர் காற்றைக் கலக்கிறீர்கள் என்று அர்த்தம். அதற்குப் பதில் முதலில் ஃபேனைக் குறையுங்கள்.

வேகமாகக் குளிர வேண்டுமா? அதற்கு வழி வேறு. காருக்குள் இருக்கும் காற்று வெளியே இருப்பதைவிடப் பல மடங்கு மோசம். அதை ஏசியை வைத்துக் குளிரவைப்பதை விட, வெளியே துரத்துவது சுலபம். எல்லாக் கதவுகளையும் அரை நிமிடம் திறந்து விடுங்கள். கண்ணாடிகளை இறக்கி, ஏசி போட்டுக்கொண்டு ஓரிரு நிமிடம் ஓட்டுங்கள். அனல் போனதும் கண்ணாடிகளை ஏற்றி, உள்காற்றுச் சுழற்சிக்கு மாற்றுங்கள். அப்புறம் 'ஆட்டோ, 24' என்று வைத்துவிட்டு மறந்துவிடலாம்.

அந்த வளைந்த அம்பு பட்டன்

கார் படத்துக்குள் அம்பு ஒன்று வளைந்து சுற்றும் பட்டன் இருக்கிறதே, அதுதான் உள்காற்றுச் சுழற்சி. ஏற்கெனவே குளிர்ந்த காற்றையே மறுபடி குளிரவைப்பதால் ஏசிக்கு வேலை குறைவு. கரும்புகை கக்கும் லாரிக்குப் பின்னால் போகும்போதும் இது வரம்தான்.

ஆனால், மணிக்கணக்காக அதிலேயே விடக் கூடாது. வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 420 பங்கு அளவில்தான் இருக்கிறது. நாலைந்து பேர் மூச்சு விடும் மூடிய காருக்குள் அது சீக்கிரமே சில ஆயிரங்களைத் தாண்டும். தலை பாரம், கொட்டாவி, கண் சொக்குதல் எல்லாம் வரும். சாப்பாட்டு மயக்கம் என்று நினைத்துக்கொள்வோம். நெடுஞ்சாலையில் ஓட்டுபவருக்கு ஒரு நொடிக் கண்ணயர்வே போதும். எனவே 20 நிமிடத்துக்கு ஒரு முறையாவது சில நிமிடம் வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள்.

ஒகேனக்கல் ரிட்டர்னில் கண்ணாடி ஏன் மூடுகிறது?

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் சுமார் 46 கிலோமீட்டர். அருவியில் எண்ணெய்க் குளியல், பரிசல், மீன் வறுவல் எல்லாம் முடித்து, ஈரத்தலை, ஈரத்துணியோடு ஐந்து பேர் காரில் ஏறுகிறீர்கள். கொஞ்ச நேரத்தில் முன் கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் பனி படர்ந்து விடும். முன்னால் காட்டுப் பாதை, வளைவுகள்.

கையால் துடைக்காதீர்கள். ஏசியின் இன்னொரு முகம் இங்கேதான் கைகொடுக்கும். குளிர்ந்த சொம்பின் வெளிப்புறம் நீர்த்துளி பூப்பது போல, எவாப்பரேட்டர் மேல் படும் காற்றின் ஈரம் நீராகி வழிந்துவிடும். அந்த நீர்தான் காருக்கு அடியில் சொட்டுகிறது. அது லீக் இல்லை, ஏசி நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். வெளிவரும் காற்று உலர்ந்த காற்று. ஆக, ஏசியைப் போட்டு, காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்பி, உள்காற்றுச் சுழற்சியை அணைத்து வெளிக்காற்றை வையுங்கள். குளிர் தாங்கவில்லையா? வெப்பத்தைக் கூட்டுங்கள், ஏசியை அணைக்க வேண்டாம். சூடான உலர்ந்த காற்று இன்னும் வேகமாகத் துடைத்துவிடும்.

மழைநாளில் பனி கண்ணாடிக்கு வெளிப்பக்கம் படிந்தால் கதை வேறு. கண்ணாடி அதிகம் குளிர்ந்துவிட்டது என்று அர்த்தம். வைப்பரைப் போட்டு, கண்ணாடி மேல் வீசும் குளிர்காற்றைக் குறைத்தால் சரியாகிவிடும்.

விளையாடக் கூடாத இரண்டு விஷயங்கள்

ஒன்று, நிறுத்திய காரில் ஏசி போட்டுத் தூங்குவது. இன்ஜின் ஓடினால் புகை வரும். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஓடும் காரில் அது பின்னால் போய்விடும். நிற்கும் காரில், அதுவும் மூடிய ஷெட்டிலோ, புகைக்குழாயில் ஓட்டை இருந்தாலோ, மெல்ல உள்ளே வரலாம். தூக்கத்தில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. 2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில் சாலையோரம் நின்ற ஒரு கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. இரவுப் பயணத்தில் தூக்கம் வந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள், இன்ஜினை அணையுங்கள், கண்ணாடியை இறக்கிவிட்டுத் தூங்குங்கள்.

இரண்டு, "அஞ்சே நிமிஷம்" என்று குழந்தையைக் காரில் விட்டுப் போவது. 2005-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வெயிலில் நின்ற காருக்குள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியது. அதில் 80 சதவிகிதம் முதல் அரை மணியிலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தும் பெரிய பலன் இல்லை. குழந்தையின் உடல் பெரியவர்களைவிட வேகமாகச் சூடாகும். ஏசியை ஓடவிட்டுப் போவதும் தீர்வில்லை. இன்ஜின் அணைந்தால் அடுத்த நிமிடமே சூடு ஏறத் தொடங்கும்.

"கேஸ் காலி சார்!"

ஏசி சரியாகக் குளிரவில்லை என்றதும் நாம் அதிகம் கேட்கும் வசனம் இது. பெட்ரோல் மாதிரி கேஸ் எரிந்து தீர்வதில்லை. அது மூடிய வட்டத்துக்குள் சுற்றுகிறது. வருடங்கள் போகப் போக ஹோஸ், சீல் வழியே ரொம்பக் கொஞ்சம் கசியலாம். ஆனால் ஒவ்வொரு கோடைக்கும் கேஸ் அடிக்க வேண்டி வந்தால், எங்கோ லீக் இருக்கிறது. லீக்கைக் கண்டுபிடிக்காமல் கேஸ் அடிப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போலத்தான்.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கம்ப்ரஸருக்கு வேண்டிய ஆயிலைச் சுமந்து போவதும் இதே கேஸ்தான். கேஸ் குறைந்தால் ஆயில் சுற்றாது, கம்ப்ரஸர் ஜாம் ஆகும். அப்போது செலவு வேற லெவல். அதிகமாக அடித்தாலும் அழுத்தம் எகிறி, குளிர்ச்சி குறையும். அதனால் 'கையால் தொட்டுப் பார்த்து' அடிக்காமல், பானெட்டுக்குள் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் கிராம் கணக்குப்படி எடை பார்த்து அடிக்கும் இடத்துக்குப் போங்கள். சிலர் விலை குறைவு என்று சமையல் கேஸ் வகையை அடிப்பதும் உண்டு. அது எளிதில் தீப்பிடிக்கும். கண்டிப்பாக வேண்டாம்.

கேஸைக் காற்றில் திறந்து விடுவதும் தப்பு. பழைய ஆர்-12 கேஸ் ஓசோன் படலத்தைக் கெடுத்ததால், 1987-ன் மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு படிப்படியாக விலக்கப்பட்டது. அதற்குப் பதில் வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 1,400 மடங்கு பூமியைச் சூடாக்கும். அதனால்தான் புதிய கார்களில் ஆர்-1234ஒய்எஃப் வரத் தொடங்கியிருக்கிறது. இந்த வகை கேஸ்களைக் குறைப்பதற்கான கிகாலி ஒப்பந்தத்தை இந்தியாவும் 2021-ல் ஏற்றுக்கொண்டது.

கேஸ் செக் பண்ணுவதற்கு முன் நீங்களே பார்க்க வேண்டியது கேபின் ஃபில்டர். பெரும்பாலான கார்களில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். தூசு அடைத்தால் காற்றே வராது. கேஸ் மீது பழி போடுவோம். அதேபோல ஏசியில் ஈர நாற்றம் வந்தால், வீடு சேர இரண்டு நிமிடம் இருக்கும்போது ஏசியை அணைத்து ஃபேனை மட்டும் ஓட விடுங்கள். எவாப்பரேட்டர் காய்ந்து பூஞ்சை பிடிப்பது குறையும்.

எலெக்ட்ரிக் காரில்?

கொள்கை ஒன்றேதான். ஆனால் பெல்ட்டுக்குப் பதில் பேட்டரியே கம்ப்ரஸரைச் சுழற்றுகிறது. அதனால் சிக்னலில் நின்றாலும் ஏசியின் பலம் குறையாது. பல கார்களில் இதே ஏசி பேட்டரியையும் குளிரவைக்கிறது. ஏசியைக் கூட்டினால் ரேஞ்ச் குறையும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். சார்ஜில் போட்டிருக்கும்போதே மொபைல் ஆப் மூலம் காரைக் குளிரவைத்துவிட்டுக் கிளம்புவது புத்திசாலித்தனம்.

பக்கத்தில் வரும் லாரியையும் பாருங்கள்

தொப்பூரில் உங்களுக்கு முன்னால் ஊர்ந்த அந்த லாரியை மறந்துவிட வேண்டாம். நம் ஊர் லாரிகளில் இன்ஜின் பெரும்பாலும் டிரைவர் கேபினுக்கு அடியிலேயே இருக்கிறது. மேலே வெயில், கீழே இன்ஜின். அந்த அடுப்புக்குள் உட்கார்ந்துதான் ஒருவர் நாள் முழுக்க ஓட்டுகிறார். சூடும் வியர்வையும் உடலின் நீரை எடுத்துவிடும், கவனத்தைக் குறைக்கும்.

இதற்காகத்தான் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2023 டிசம்பரில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 2025 முதல் தயாராகும், 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களின் டிரைவர் கேபினில் ஏசி கட்டாயம். பேக்கார்ட் காருக்கு ஏசி வந்து 86 வருடம் கழித்து நம் லாரி டிரைவருக்குச் சட்டப்படி வருகிறது. ஆனால் இது புதிய வண்டிகளுக்கு மட்டும்தான். ஏற்கெனவே சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் லாரிகள் அப்படியேதான் இன்னும் பல வருடங்களுக்கு ஓடும்.

ஆகவே, அடுத்த முறை கணவாயில் 24 டிகிரியில் உட்கார்ந்துகொண்டு ஹாரனை அழுத்தப் போகும்போது, முன்னால் இருப்பவர் எத்தனை டிகிரியில் இருக்கிறார் என்று ஒரு நொடி யோசியுங்கள். கொஞ்சம் இடைவெளி விட்டே ஓட்டுங்கள். உங்கள் கண்டன்ஸருக்கும் அதுதான் நல்லது!